பெரிய சாலை வரும்வரை: வடக்கு-தெற்கு விரைவுச்சாலையோரம் வாழ்வோருக்கு

சிங்கப்பூரின் வடக்கு-தெற்கு விரைவுச்சாலை என்றதும் அங் மோ கியோவிலும் ஈசூனிலும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எப்ப முடியும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. 2008ல் அறிவித்தார்கள். 2016ல் பேருந்துத் தடமும் மிதிவண்டிப் பாதையும் சேர்த்து வேறு வடிவம் கொடுத்தார்கள். 2018ல் வேலை தொடங்கியது. 2026 என்று முதலில் சொன்ன காலக்கெடு தள்ளிப்போய், வடக்கே மேம்பாலப் பகுதி 2027 முதல், தெற்கே சுரங்கப் பகுதி 2029 முதல் என்று ஆகியிருக்கிறது. அட்மிரல்ட்டி ரோடு வெஸ்ட்டில் தொடங்கி ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வேயில் சேரும் 21.5 கிலோமீட்டர் சாலை இது. அதில் ஏறத்தாழ 12.3 கிலோமீட்டர் மண்ணுக்கு அடியில் போகிறது.

ஆனால் இந்த வழித்தடத்தின் ஓரத்தில் குடியிருப்பவர்களின் அன்றாடத்தைத் தீர்மானிப்பது அந்தப் பெரிய சாலை அல்ல. அது வரும்வரை நம்மிடம் இருக்கும் தற்காலிகச் சாலைகள்தான். பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், பாட்டியை பாலிகிளினிக்குக் கூட்டிப்போவதும், வேலை முடிந்து பேருந்தில் திரும்புவதும் இவற்றில்தான். பெரிய சாலையின் வழித்தடம் முடிந்துபோன விஷயம். அதற்காக ரோச்சோர் சென்டரின் நான்கு வண்ணக் கட்டடங்களில் இருந்த 567 வீடுகளும் 187 கடைகளும் போயின. அதை யாராலும் மாற்ற முடியவில்லை. தற்காலிக ஏற்பாடுகள் அப்படியல்ல. அவை சில மாதங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பவை. சரியான விவரத்தோடு சரியான இடத்தில் கேட்டால் இன்னொரு முறையும் மாற்றுவார்கள். நம் குரலுக்கு அங்கேதான் பலன் அதிகம். கீழே இருப்பவை எல்லாம் அதற்கான குறிப்புகள்.

ஒரே இடத்தை ஏன் திரும்பத் திரும்பத் தோண்டுகிறார்கள்

"போன வருஷம்தானே இங்க தோண்டி மூடினாங்க?" என்ற எரிச்சல் எல்லோருக்கும் உண்டு. வேலையின் வரிசை தெரிந்தால், அடுத்து என்ன வரும், எவ்வளவு நாள் இருக்கும் என்று நாமே ஓரளவு ஊகிக்கலாம்.

சுரங்கப் பகுதியைப் பெரும்பாலும் மேலிருந்து தோண்டி, உள்ளே பெட்டி போலக் கட்டி, மேலே மூடுகிறார்கள். அதற்கு முன் சாலைக்கடியில் போகும் தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய், மின்கம்பி, தொலைத்தொடர்புக் கம்பி, கழிவுநீர்க் குழாய் எல்லாவற்றையும் ஓரமாக மாற்றியாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்பு, தனி அனுமதி. ஒன்றை மாற்றி மூடிய பிறகே அடுத்தது. பார்ப்பவருக்கு ஒரே குழியை நான்கு முறை தோண்டியது போலத் தெரியும். இந்தக் கட்டத்தில் தடுப்பு வேலிகள் அடிக்கடி இடம் மாறும், சத்தம் நடுத்தரம், சாலை தொந்தரவு அதிகம்.

பிறகு வாகனங்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, மறுபக்கம் சுவர் இறக்குவார்கள். ஒரு சுவர்த்துண்டு ஆறு மீட்டர் அளவு அகலம் இருக்கும். பெரிய கவ்விக் கருவியால் ஆழமாகத் தோண்டி, பக்கவாட்டு மண் சரியாமல் இருக்க பென்டோனைட் என்ற களிமண் குழம்பை நிரப்பி, கம்பிக்கூட்டை இறக்கி, அடியிலிருந்து குழாய் வழியாகக் கான்கிரீட் ஊற்றுவார்கள். ஊற்றத் தொடங்கினால் பாதியில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் அந்த இடத்தில் இணைப்பு பலவீனமாகி, பின்னால் தண்ணீர் கசியும். மாலையில் முடிய வேண்டிய கான்கிரீட் வேலை சில நாள் இரவு வரை நீள்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். மழை, கான்கிரீட் லாரி தாமதம், கம்பிக்கூடு இறங்காமல் சிக்கிக்கொள்வது, எல்லாம் நேரத்தைத் தள்ளும்.

சுவர் இரண்டு பக்கமும் இறங்கிய பிறகு நடுவில் தோண்டிக்கொண்டே குறுக்கே எஃகுத் தாங்கிகளை வைப்பார்கள். மேலே எஃகுத் தட்டுகளால் தற்காலிகத் தளம் போட்டு அதன்மேல் வாகனங்களை விடுவதும் உண்டு. கீழே வேலை நடக்கும்போது மேலே வெளியே தெரியும் மாற்றம் குறைவு. அதனால் "ஆறு மாசமா ஒண்ணுமே நடக்கல" என்று தோன்றும். அடித்தளம், பக்கச் சுவர், கூரைத் தளம் முடிந்து மண் நிரப்பும்போது மறுபடி சாலை இடம் மாறும்.

மண்ணும் இடத்துக்கு இடம் வேறு. பீஷான், தோ பாயோ பக்கம் புக்கிட் தீமா கருங்கல் பாறையும் அது மட்கிய மண்ணும். பாறை மேலே வந்துவிட்டால் உடைக்கும் சத்தத்தைத் தவிர்க்க முடியாது. ரோச்சோர், காலாங் பக்கம் வந்தால் மென்மையான கடற்களிமண். அங்கே உடைக்கும் சத்தம் குறைவு. மண் இறங்கும் கவலை அதிகம். ஆக பீஷானில் இருப்பவர் காதைக் கவனிக்க வேண்டும், ரோச்சோரில் இருப்பவர் தரையைக் கவனிக்க வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

வடக்கே காம்பஸ் அவென்யூ, செம்பவாங் ரோடு, லெண்டோர் அவென்யூ பக்கத்து மேம்பாலம் வேறு விதம். துளையிட்டு அடித்தூண் இறக்குவது, மேல்தூண் எழுப்புவது, பிறகு பாலத்தின் பாகங்களைத் தூக்கி வைப்பது. தூக்கி வைக்கும் வேலை போக்குவரத்து குறைந்த நேரத்தில், சாலையின் ஒரு பகுதியை மூடி நடக்கும். இரவு வேலைக்குப் போகிறவர்கள், விமான நிலையத்துக்கு அதிகாலையில் கிளம்புகிறவர்கள் அந்த அறிவிப்புகளைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

சாலை இடம் மாறிய முதல் வாரம்

தொல்லைகளில் பாதி இந்த ஒரு வாரத்தில் வருகின்றன. மூன்று விஷயங்களைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது சிக்னல். சிங்கப்பூர் சிக்னல்கள் 'கிளைடு' என்ற கணினி முறையில் இயங்குகின்றன. நிறுத்தக் கோட்டுக்கு அருகே தார்ச்சாலையில் செவ்வக வடிவில் வெட்டி மறுபடி அடைத்த கருங்கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் கம்பிச்சுருள் இருக்கிறது. மேலே வாகனம் நிற்பதை அது உணர்ந்து, எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு நேரம் பச்சை தரலாம் என்று கணினி முடிவு செய்யும். சாலையைத் தோண்டும்போது இந்தச் சுருள் அறுபட்டுவிடலாம். தடம் நகர்ந்தால் வாகனங்கள் சுருளுக்கு மேல் நிற்காமல் பக்கத்தில் நிற்கும். சிக்னலுக்குக் கண் போன மாதிரி. காலியான சாலைக்குப் பச்சை எரியும். நீண்ட வரிசை நிற்கும் பக்கத்துக்கு எட்டு விநாடி கிடைக்கும். "ஜாம் அதிகம்" என்று பொதுவாகச் சொன்னால் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்குப் புரியாது. "காலை 7.15 முதல் 7.45 வரை, வலப்பக்கம் திரும்பும் அம்பு ஒரு சுற்றுக்கு எட்டு விநாடிதான் எரிகிறது, எதிர்ப்பக்கம் காலியாக இருக்கும்போது பச்சை நீடிக்கிறது" என்று சொன்னால், சுருளைப் பார்க்க வேண்டும் என்று உடனே புரிந்துவிடும். சிக்னல் நேரம் மாற்றுவது பெரிய கட்டுமானம் இல்லாமல் செய்யக்கூடிய திருத்தம். அதனால்தான் அதை முதலில் கேட்க வேண்டும்.

இரண்டாவது சாலைக் கோடுகள். பழைய கோட்டைச் சுரண்டி அழித்தாலும், மேலே கருப்பு அடித்தாலும், இரவிலும் மழையிலும் அந்தத் தடம் விளக்கொளியில் பளபளக்கும். புதிய கோட்டைவிடப் பழையது தெளிவாகத் தெரியும் நேரங்கள் உண்டு. இரண்டு ஓட்டுநர்கள் இரண்டு கோடுகளைப் பின்பற்றினால் ஒருவர் மற்றவர் தடத்துக்குள் வந்துவிடுவார். அந்த நேரத்தில் கோட்டை நம்பாமல், ஓரத்துத் தடுப்பையும் தரையில் பதித்த ஒளிர்கற்களையும் பார்த்து ஓட்டுங்கள். மோட்டார்சைக்கிள் ஓட்டும் தம்பிமார்களுக்குக் கூடுதலாக ஒன்று: எஃகுத் தட்டுத் தளம் ஈரமானால் வழுக்கும். தட்டின்மேல் ஏறுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். தட்டின்மேல் போனபின் பிரேக் பிடிப்பதும் வளைப்பதும் வேண்டாம். தட்டுகளுக்கிடையே விளிம்பு எழும்பியிருந்தால் அது அவசரமாகத் தெரிவிக்க வேண்டிய விஷயம். கார்க்காரருக்கு அது ஒரு 'டக்' சத்தம். இரண்டு சக்கரத்தில் போகிறவருக்கு உயிர்.

மூன்றாவது நடப்பவர்கள். என் பார்வையில் அதிகம் புறக்கணிக்கப்படுவது இதுதான். வாகனங்களுக்குத் தடம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டில், நடைபாதை கடைசியாக மிஞ்சிய இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. கடக்கும் இடத்தை எண்பது மீட்டர் தள்ளிவைத்தால், போய்த் திரும்ப நூற்றறுபது மீட்டர். முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு அது சந்தைக்குப் போவதா வேண்டாமா என்ற கேள்வி. முதியோர் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை மனிதன் விளக்கு 3 முதல் 13 விநாடிவரை கூடுதலாக எரியும் வசதி பல சிக்னல்களில் உண்டு. கடக்கும் இடத்தை மாற்றும்போது அந்தக் கருவி புதிய கம்பத்தில் வந்திருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். வரவில்லை என்றால் கேளுங்கள். அதோடு, தற்காலிகக் கடப்பு சாய்வாக அமைந்தால் தூரம் கூடும். நேர்குறுக்காக 14 மீட்டர் இருந்தது சாய்வில் 18 ஆகலாம். விநாடிக்கு முக்கால் மீட்டர் நடக்கும் ஒருவருக்கு அது ஐந்து விநாடிக்கும் மேல் கூடுதல். வேலிகள் உயரமாக இருந்து சின்னப் பிள்ளைகள் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாமல் போகும் மூலைகளையும் கவனியுங்கள். அந்த மூலையில் சில மீட்டருக்கு மட்டும் கம்பிவலை வேலி அல்லது உள்ளே தெரியும் தடுப்பு கேட்கலாம்.

சக்கர நாற்காலி போகுமா என்பதை யாராவது ஒருவர் தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். ஓரக்கல்லில் ஒரு அங்குல எழும்பல் போதும், முன்சக்கரம் நின்றுவிடும்.

கேட்கும் விதம்

சாலை ஓரத்தில் கொடி பிடித்து நிற்கும் தம்பி பெரும்பாலும் தமிழ்நாட்டுக்காரராகவோ வங்காளதேசக்காரராகவோ இருப்பார். நாம் தமிழில் பேசினால் முகம் மலரும். "அக்கா, இந்தப் பக்கம் அடைச்சிருக்கு, சுத்திப் போங்க" என்று அவர் சொல்வது அவருக்கு இட்ட வேலை. வழியை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. வெயிலில் நிற்கும் அவரிடம் கோபத்தைக் காட்டி ஒன்றும் நடக்காது. "தம்பி, உங்க சைட் ஆபீஸ் நம்பர் போர்டு எங்க இருக்கு?" என்று கேட்டால் காட்டிவிடுவார். வேலியில் தொங்கும் திட்டப் பலகையில் குத்தகையாளரின் தொடர்பு எண் இருக்கும். உடனடி ஆபத்து என்றால், அதாவது திறந்த குழி, விழுந்த தடுப்பு, எரியாத எச்சரிக்கை விளக்கு என்றால், அந்த எண்தான் வேகமான வழி.

மற்றவற்றுக்கு யார் பொறுப்பு என்று தெரிந்து அனுப்பினால் நாட்கள் மிச்சம். சாலை, சிக்னல், பேருந்து நிறுத்தம் எல்லாம் நிலப் போக்குவரத்து ஆணையம். கட்டுமானச் சத்தமும் கொசுவும் தேசிய சுற்றுப்புற வாரியம். வடிகால் அடைப்பு பொதுப் பயனீட்டுக் கழகம். மரம் தேசியப் பூங்காக் கழகம். புளோக்கின் கீழ்த்தளமும் அதைச் சுற்றிய நடைபாதையும் நகர மன்றம். பிரித்துப் பார்க்க முடியவில்லை என்றால் 'ஒன்சர்விஸ்' செயலியில் போட்டுவிடுங்கள்; உரிய அமைப்புக்கு அதுவே அனுப்பும்.

இடத்தைச் சொல்வதில்தான் பெரும்பாலான புகார்கள் தோற்றுப்போகின்றன. "மேரிமவுண்ட் ரோடு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல" என்றால் அது முந்நூறு மீட்டர் நீளம். சிங்கப்பூரில் ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் எண் இருக்கிறது. சாலையின் பெயரும் அருகிலுள்ள கம்பத்தின் எண்ணும் சொன்னால் இடம் துல்லியமாகிவிடும். பேருந்து நிறுத்தம் என்றால் அதன் ஐந்து இலக்கக் குறியீடு. எந்தத் திசை நோக்கிப் போகும் பக்கம் என்பதையும் மறக்காதீர்கள். ஒரு மாதிரி இதோ:

"அங் மோ கியோ அவென்யூ 6, நகரை நோக்கிய பக்கம், விளக்குக் கம்பம் எண் இத்தனை. செவ்வாய் முதல் வியாழன் வரை மூன்று நாளும் மாலை 6.10க்கு எடுத்த படங்கள் இணைப்பில். தற்காலிக நடைபாதையின் அகலம் 90 சென்டிமீட்டர். நடுவில் தடுப்புக் கால் நீட்டியிருப்பதால் சக்கர நாற்காலி போக முடியவில்லை. கால் உட்பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டால் 1.2 மீட்டர் கிடைக்கும்."

இதில் கோபம் இல்லை. தீர்வும் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது. வாசிக்கும் அதிகாரி யாரிடமும் கேட்காமல் சைட்டுக்கு அனுப்பிவிடலாம். ஒரு புகாரில் ஒரு விஷயம் மட்டும் எழுதுங்கள். ஐந்தைச் சேர்த்து எழுதினால், எளிதான ஒன்றைச் சரிசெய்துவிட்டு "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று மூடிவிட வாய்ப்பு உண்டு. கிடைக்கும் புகார் எண்ணைக் குறித்துவைத்து, பதில் வராவிட்டால் அதே எண்ணோடு நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போங்கள். அங்கே போகும்போது ஒரே பக்கத்தில் தேதி வாரியாக எழுதிய தாள் கையில் இருக்கட்டும்.

சத்தம்: எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

கட்டுமான இடத்திலிருந்து 150 மீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்கான வரம்பு, காலை 7 முதல் மாலை 7 வரை பன்னிரண்டு மணி நேரச் சராசரியாக 75 டெசிபல். ஐந்து நிமிடச் சராசரி 90 வரை போகலாம். மாலை 7 முதல் இரவு 10 வரை ஒரு மணி நேரச் சராசரி 65, ஐந்து நிமிடத்துக்கு 70. இரவு 10 முதல் காலை 7 வரை 55. மருத்துவமனை, பள்ளி, முதியோர் இல்லங்களுக்கு வரம்பு இன்னும் இறுக்கம்: பகலில் சராசரி 60.

இந்தச் சராசரிதான் மக்களுக்குப் புரியாத இடம். பகலில் ஒரு மணி நேரம் பாறை உடைத்துவிட்டு மீதி நேரம் அமைதியாக இருந்தால், பன்னிரண்டு மணிச் சராசரி வரம்புக்குள்ளேயே நிற்கலாம். ஆகவே "பகல்ல தாங்க முடியல" என்ற புகார் பெரும்பாலும் வரம்பு மீறலாகப் பதிவாகாது. இரவு 10க்குப் பிறகு 55க்கு மேல் போவது எளிதில் நிரூபிக்கக்கூடியது. டெசிபல் அளவில் பத்து கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம். ஆக 65க்கும் 55க்கும் நடுவே இருப்பது சின்ன வித்தியாசம் அல்ல.

கைப்பேசிச் செயலியின் அளவை ஆதாரமாக நம்ப வேண்டாம். ஐந்து டெசிபல் முன்பின் இருக்கும். செயலியின் எண்ணைவிட நேரக்குறிப்பு மதிப்புள்ளது. எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது நின்றது, என்ன சத்தம் (உடைப்பதா, ஜெனரேட்டரா, லாரி பின்னால் வரும் 'பீப்' ஒலியா), எத்தனையாவது மாடி, எந்தப் பக்க அறை. கட்டுமான இடங்களில் தொடர்ந்து பதிவு செய்யும் மானிகள் உண்டு. உங்கள் நேரக்குறிப்பு இருந்தால் அந்தப் பதிவில் அதே நிமிடத்தைத் தேடிப் பார்க்கலாம். உயர்மாடிக்காரர்கள் இன்னொன்றையும் எழுதலாம்: வேலியோரச் சத்தத் தடுப்புத் திரை கீழ்மாடிகளுக்குத்தான் உதவும், மேலே நேர்ப்பார்வை உள்ள வீட்டுக்கு உதவாது. அந்த இடத்தில் இயந்திரத்தையே சுற்றி மூடும் கூண்டு கேட்பதுதான் பொருத்தம்.

ஞாயிறும் பொது விடுமுறையும்: சனிக்கிழமை இரவு 10 முதல் திங்கள் காலை 7 வரை வீடுகளுக்கு 150 மீட்டருக்குள் வேலை கூடாது என்பது பொது விதி. பொது விடுமுறைக்கும் முந்திய இரவு 10 மணியிலிருந்து மறுநாள் காலை 7 வரை அதே தடை. பாதுகாப்புக்காக நிறுத்த முடியாத வேலை போன்றவற்றுக்கு விலக்கு அனுமதி உண்டு. ஞாயிறு வேலை நடந்தால் அனுமதி இருக்கிறதா, எந்த வேலைக்கு, எத்தனை மணிவரை என்று கேட்பது நம் உரிமை. சுவர்க் கான்கிரீட்டுக்கு அனுமதி வாங்கிவிட்டு அதே நேரத்தில் பக்கத்தில் பொருள் இறக்குவது வேறு விஷயம். அதைத் தனியாகக் குறித்து எழுதுங்கள்.

கொசுவைப் பற்றிச் சுருக்கமாக: தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தடுப்புகளின் மூடி திறந்திருப்பது, தார்ப்பாய் மடிப்பில் மழைநீர் தேங்குவது. இரண்டையும் நடந்து போகும்போதே பார்க்கலாம். படமெடுத்து அனுப்பினால் போதும்.

விரிசல்

ஆழமாகத் தோண்டும்போது இரண்டு காரணங்களால் பக்கத்து மண் இறங்கும். தாங்கி வைத்திருந்தாலும் சுவர் கொஞ்சம் உள்பக்கம் வளையும். நிலத்தடி நீர் குழிக்குள் கசிந்தால், களிமண் பிழிந்த துணிபோல் சுருங்கி இறங்கும். ரோச்சோர் பக்கக் கடற்களிமண்ணில் இரண்டாவது காரணம் பெரிது. 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் ஹைவே அருகே வட்டப் பாதை எம்ஆர்டி ரயிலுக்காகத் தோண்டிய ஆழமான குழி இடிந்து நான்கு பேர் உயிரிழந்ததும் இதே வகைக் களிமண்ணில்தான். தாங்கிகளை இணைத்த பகுதியின் வடிவமைப்புக் குறையும், அளவுமானிகள் காட்டிய எச்சரிக்கைகளுக்குச் சரியாகச் செவிசாய்க்காததும் விசாரணையில் வெளிவந்தன. அதன்பிறகு விதிகள் கடுமையாகின. இன்று கட்டடச் சுவர்களில் ஒட்டியிருக்கும் சின்னக் கண்ணாடிப் பட்டகங்கள், சாய்வுமானிகள், தரையில் பதித்த நீர்மட்டக் குழாய்கள் எல்லாவற்றையும் இவ்வளவு கவனமாகப் பார்ப்பது அந்தப் பாடத்தின் விளைவு. அவற்றைப் பிள்ளைகள் அசைக்காமலும் அதன்மேல் சைக்கிளைச் சாய்க்காமலும் பார்த்துக்கொள்வது நமக்கே நல்லது.

வேலை தொடங்குமுன் பாதிப்பு வட்டத்துக்குள் உள்ள கட்டடங்களின் நிலையைப் படமெடுத்துப் பதிவு செய்வார்கள். கடிதம் வந்தால் தவறாமல் வீட்டில் இருங்கள். கடைக்காரர்கள் முக்கியமாக. கழிப்பறை ஓடு, சமையலறைக் கூரை, ஜன்னல் மூலைகள், பின்பக்கச் சுவர் எல்லாவற்றையும் திறந்து காட்டுங்கள். பழைய விரிசலை மறைப்பதால் லாபம் இல்லை. எது பழையது என்று பதிவானால்தான் எது புதியது என்று சொல்ல முடியும். அறிக்கையின் பிரதி கேட்டு வாங்கி வையுங்கள்.

புதிய விரிசல் தெரிந்தால், அதன் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். அகலம் தெரியும்படி மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்டிவைத்து, ஒரே தூரத்தில் ஒரே கோணத்தில் வாரம் ஒருமுறை படம் எடுங்கள். மயிரிழை அளவு என்றால் பூச்சு உலர்ந்ததால்கூட வந்திருக்கலாம். 1 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்துகொண்டே போவது, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவது, கதவு திடீரென்று சட்டத்தில் உரசுவது, இவை மூன்றும் தாமதிக்கக் கூடாத அறிகுறிகள். 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் வாரக்கணக்கில் காத்திருக்கவே வேண்டாம்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளில் அதிகம் பயமுறுத்துவது வேறு ஒன்று. கட்டடத்துக்கும் அதைச் சுற்றிய சிமெண்டுத் தரைக்கும் நடுவே ஒரு இடைவெளி வாய் திறந்து நிற்கும். கட்டடம் ஆழமான அடித்தூண்கள் மேல் நிற்கிறது. சுற்றுத்தரையும் வடிகாலும் நேரே மண்மேல் இருக்கின்றன. மண் இறங்கினால் தரை மட்டும் இறங்கும். புளோக் சாய்கிறது என்று பொருள் அல்ல. ஆனாலும் நகர மன்றத்துக்குச் சொல்லத்தான் வேண்டும். இடைவெளியில் முதியவர்களின் கைத்தடி சிக்கும், மழைநீர் உள்ளே போய் இன்னும் அரிக்கும்.

தேக்கா பக்கத்துக் கடைகளும் மருத்துவமனைப் பாதையும்

கம்போங் ஜாவா, புக்கிட் தீமா ரோடு சந்திப்புப் பகுதியில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. நொவீனா பக்கம் டான் டோக் செங். பிரசவ நாள் நெருங்கும் குடும்பங்கள் இரண்டு வழிகளை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து வைக்கட்டும். ஒன்று காலை நெரிசல் நேரத்தில், ஒன்று இரவில். வழிகாட்டிச் செயலிகள் அன்று காலை மாறிய வளைவைச் சில நேரம் மறுநாள்தான் அறியும். பலகைக்கும் செயலிக்கும் முரண் வந்தால் பலகையை நம்புங்கள்.

தேக்கா, செரங்கூன் ரோடு கடைக்காரர்களுக்கு வேலி நேராக வாசலை அடைக்காவிட்டாலும் வாடிக்கையாளர் வரும் பாதை அடைபடும். தீபாவளிக்கு முந்திய வாரக்கடைசிகளிலும் தைப்பூச ஊர்வல நாளிலும் லிட்டில் இந்தியாவின் சாலைகள் ஏற்கெனவே நெருக்கத்தில் இருக்கும். அந்த நாட்களில் பக்கத்துச் சாலையில் தட மாற்றம் வைக்க வேண்டாம் என்பதைக் கடைக்காரர் சங்கமும் கோயில்களும் பல மாதங்களுக்கு முன்பே, தேதிகளோடு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆணையத்தின் தலைமையகமே ஹேம்ப்ஷயர் ரோட்டில் இருக்கிறது. நேரில் போய்ப் பேசக் கூச்சம் வேண்டாம். சரக்கு இறக்கும் இடம் போனால், மாற்றாக எந்த மணி முதல் எந்த மணிவரை எங்கே நிறுத்தலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி ஒப்புதல் அடுத்த குத்தகையாளரிடம் செல்லாது.

சாலை திறந்த பிறகு, வெளிவழிகளின் முனையில்

பெரிய சாலை வந்தால் மத்திய விரைவுச்சாலையின் சுமை குறையும், வடக்கிலிருந்து நகருக்குப் பேருந்து நேரம் பத்துப் பதினைந்து நிமிடம் குறையும் என்பது திட்டத்தின் எதிர்பார்ப்பு. அது நடக்கலாம். வட்டாரச் சாலைகளுக்கு என்ன ஆகும் என்பதே என் கவலை. விரைவுச்சாலையில் வேகமாக வந்த வாகனங்கள் எல்லாம் ஏதோ ஒரு வெளிவழியில் இறங்கி, ஏதோ ஒரு சிக்னலில் வந்து நிற்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பச்சை 30 விநாடி எரிந்தால் ஒரு தடத்தில் 13, 14 கார் போகும்: தொடக்கத்தில் ஓரிரு விநாடி வீணாகும், பிறகு இரண்டு விநாடிக்கு ஒரு கார். சிக்னல் சுற்று இரண்டு நிமிடம் என்றால் மணிக்கு 30 சுற்று, சுமார் 400 கார். வெளிவழி அந்த ஒரு தடத்துக்கு மணிக்கு 600 காரைக் கொண்டுவந்தால், மணிக்கு 200 கார் தேங்கும். வரிசையில் ஒரு கார் ஆறு மீட்டர் இடம் பிடிக்கும். அது 1.2 கிலோமீட்டர் வரிசை. அவ்வளவு நீளம் வெளிவழியில் இருக்காது. ஒன்று வரிசை சுரங்கத்துக்குள் பின்னே போகும், அல்லது அதைத் தவிர்க்க அந்தப் பக்கத்துக்குப் பச்சையை நீட்டுவார்கள். நீட்டினால் குறுக்கே கடக்கும் நம் பேருந்தும் நம் பாட்டியும் காத்திருப்பார்கள்.

2013 டிசம்பர் கடைசியில் மரினா கரையோர விரைவுச்சாலை திறந்த முதல் வேலைநாள் காலையில் பெரும் நெரிசல் ஏற்பட்டது. புதுச்சாலையில் எங்கே பிரிய வேண்டும் என்று தெரியாத ஓட்டுநர்கள், வெளிவழி முனையில் போதாத சிக்னல் நேரம் எல்லாம் சேர்ந்துகொண்டன. பிறகு சிக்னல் நேரத்தையும் வழிகாட்டிப் பலகைகளையும் சரிசெய்தார்கள். ஆகவே இந்தச் சாலை திறக்கும்போதும் முதல் வாரத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஆனால் அளவெடுக்கத் தவற வேண்டாம்.

அளவெடுக்க, திறப்பதற்கு முந்திய நிலை நம்மிடம் இருக்க வேண்டும். அதை இப்போதே செய்யலாம். செவ்வாய், புதன், வியாழனில் ஒரு நாள், பள்ளி விடுமுறை இல்லாத வாரம், மழை இல்லாத காலை. சந்திப்புக்கு நான்கு பேர், ஆளுக்கு ஒரு பக்கம். காலை 7 முதல் 9 வரை பதினைந்து நிமிடத் துண்டுகளாக எண்ணுங்கள்: கார், பேருந்து, லாரி, மோட்டார்சைக்கிள் தனித்தனியாக, நேராகப் போவது, திரும்புவது தனித்தனியாக. ஒவ்வொரு பச்சை முடிந்ததும் வரிசையில் எத்தனை வண்டிகள் போக முடியாமல் நின்றன என்பதையும் எழுதுங்கள். மொத்த எண்ணிக்கையைவிட அது முக்கியம். ஒரே பச்சையில் வரிசை தீரவில்லை என்றால் சந்திப்பு நிரம்பிவிட்டது என்று பொருள். கடக்கக் காத்திருப்பவர்களின் எண்ணிக்கையையும் காத்திருந்த நேரத்தையும் இன்னொருவர் பார்க்கட்டும். சமூக மன்றத்தில் இரண்டு மேசை போட்டால் ஒரு சனிக்கிழமையில் இதைத் தொகுத்துவிடலாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆர்வமாகச் செய்வார்கள்.

சுரங்கத்துக்கு மேலே மிஞ்சும் சாலை பற்றியும் இப்போதே கேட்டு வைக்க வேண்டியவை உண்டு. வாகனங்கள் கீழே போனபின் மேலே எத்தனை தடம் இருக்கும்? மிதிவண்டிப் பாதை பேருந்து நிறுத்தத்தின் முன்னால் போகுமா, பின்னால் போகுமா? முன்னால் போனால் இறங்கும் பயணி நேரே மிதிவண்டிக்குக் குறுக்கே கால் வைப்பார். எடுத்த நிழல் மரங்களுக்குப் பதிலாக நடுவதற்கு, சுரங்கக் கூரைமேல் எத்தனை மீட்டர் மண் விடப்போகிறார்கள்? மண் ஆழம் குறைவாக இருந்தால் பெரிய மரம் வராது, செடிதான் வரும். பேருந்துத் தடம் எந்த நேரங்களில் செயல்படும்? மஞ்சள் கோட்டுத் தடம் என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30 முதல் 9.30, மாலை 5 முதல் 8 மட்டுமே. சனிக்கிழமை சந்தைக் கூட்டத்தில் பேருந்துக்கு அதனால் உதவி இல்லை. இந்தக் கேள்விகளுக்கு வரைபடத்தில் பதில் எழுதப்படும் காலம், கூரைத் தளம் போட்டு மண் நிரப்புவதற்கு முந்திய காலம். அங் மோ கியோ, பீஷான், தோ பாயோ குடியிருப்பாளர் குழுக்கள் அடுத்த கூட்டத்தில் முதல் விஷயமாக அந்த மண் ஆழத்தையே எடுக்கலாம். தோண்டியவர்கள் நிரப்பிவிட்டுப் போன பிறகு அதைக் கூட்ட முடியாது.